ஆவி என்னும் பெயரால்

சொல்லைப் பற்றி அக்கறை கொள்ள வேண்டியவர்கள் தமிழாசிரியர்கள். ஆகவே ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். புகையிலை என்னும் சொல் பழந்தமிழில் இல்லை. அச்செடி அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. போர்த்துக்கீசியர் கடல்வழி கண்டு நம் கரைகளை வந்தடைந்த பின்னரே கீழை நாடுகளில் அது பரவிற்று. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் புகைபிடியாமைக்கு அதிகாரம் வகுக்காததன் காரணம் இதுவே. அவர் புகையை ஒப்புக்கொண்டார் என்று விளையாட்டுக்கும் எவரும் சொல்ல வேண்டா. புதிதாக வந்த அப்பொருளுக்குப் பெயர் சூட்டிய நம் முன்னோர், அயற்சொல்லை அப்படியே கடன் வாங்கவில்லை. மக்கள் அதைக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். இலையைப் புகைக்கிறார்கள், எனவே புகையிலை என்றார்கள்.

இந்நூற்றாண்டில் இன்னொரு பொருள் வந்திருக்கிறது. அதில் இலை இல்லை. விற்பவர் சொற்படி புகையும் இல்லை. "இது வெறும் ஆவிதான் ஐயா" என்கிறார்கள். ஆவி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன இட்லிச் சட்டியும், இடியாப்பத் தட்டும், சளி பிடித்த நாளில் பாட்டி போர்வை போர்த்திவிட்டுக் குனியச் சொன்ன வெந்நீர்ப் பாத்திரமுமே. போதாக்குறைக்கு உயிருக்கும் ஆவி என்றே பெயர். ஒரு நச்சுப்பொருளுக்கு இதைவிட மங்கலமான பெயரை எந்த விளம்பரக்காரனாலும் தேடிக் கொடுத்திருக்க இயலாது.

மின்சிகரெட் என்றும் வேப் என்றும் இங்கு வழங்கும் அக்கருவியின் உள்ளே இருப்பது மிக எளிய அமைப்பு. ஒரு சிறு மின்கலம், சூடேறும் ஒரு கம்பிச்சுருள், ஒரு நீர்மம். அந்நீர்மத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணச்சரக்குகள், பெரும்பாலும் நிக்கோட்டின் ஆகியன கலந்திருக்கும். கம்பி சூடேறியதும் அது காற்றில் கலந்து வெண்படலமாகிறது. அப்படலம் வெந்நீரிலிருந்து எழும் ஆவி அன்று. மிக நுண்ணிய துளிகளின் கூட்டம். இழுத்தவர் தம் நுரையீரலில் தங்கியது போக எஞ்சியதை வெளியே ஊதுகிறார். ஊதியது எங்கே போகும்? அடைத்த அறையாயின், அறையில் உள்ள மற்றவரிடந்தான் போகும். மாம்பழ மணமும் திராட்சை மணமும் அதன்மேல் போர்த்திய பட்டாடை. ஆடைக்குள் இருப்பது நிக்கோட்டினே.

இக்கட்டுரையின் நோக்கம், வேப் பிடிப்பவர் அதனை விடவேண்டும் என்று உபதேசம் செய்வதன்று. அவருடைய நுரையீரலைப் பற்றி அவரும் அவருடைய மருத்துவரும் பேசிக்கொள்ளட்டும். கூரையும் சுவரும் உள்ள பொது இடத்திலும் பணியிடத்திலும் பிறர் மூச்சில் அதனைக் கலப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை என்பதும், அவ்வுரிமை இருப்பதுபோல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று நடந்துகொள்ளப்படுவது சட்டத்திற்கும் மானத்திற்கும் இழுக்கு என்பதுமே யான் வாதிட வந்தவை.

நம் நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் எவ்வாறு தடுமாறிற்று என்பதைச் சற்று விரிவாகவே காணவேண்டும். நெடுங்காலம் மலேசியாவில் புகைத்தலைக் கட்டுப்படுத்தியது 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டம்! ஆம், உணவுச் சட்டந்தான். அதன்கீழ் 1993-இல் விதிமுறைகள் இயற்றப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக 2004-இல் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வந்தன. அடுத்த ஆண்டே, அதாவது 2005-இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை மலேசியா உறுதி செய்தது. பிறர் புகையினின்று மக்களைக் காப்பது அரசுகளின் கடமை என்று அவ்வுடன்படிக்கையின் 8-ஆம் விதி கூறுகிறது. 2007-இல் அவ்விதிக்கு வகுக்கப்பட்ட வழிகாட்டி நெறிகளோ, உள்ளரங்கமான எல்லாப் பணியிடங்களும் எல்லாப் பொது இடங்களும் முழுமையாகப் புகையற்றவையாக வேண்டும் என்றும், காற்றோட்டக் கருவியும் தனியறையும் மாற்று ஆகா என்றும் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்கின்றன.

நாம் செய்தது என்ன? பட்டியல் போட்டோம். மருத்துவமனை, பள்ளி, பேருந்து, அரசு அலுவலகம் என்று ஒவ்வோர் இடமாகச் சேர்த்துக்கொண்டே போனோம். பணியிடத்தைச் சேர்த்தபோதும் மையக் குளிரூட்டி பொருத்திய பணியிடத்தையே சேர்த்தோம். இதன் பொருள் யாது? கோலாலம்பூர் மாடமாளிகையில் குளிர்காற்றில் அமர்ந்து கணக்கெழுதுபவருக்கு நுரையீரல் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டின் பின்கட்டில் மின்விசிறிக்குக் கீழே துணி தைப்பவருக்கு நுரையீரல் இல்லை. சட்டம் இப்படிச் சொல்லவில்லை என்று வழக்கறிஞர் கூறலாம். துணி தைப்பவரைக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்.

2019 சனவரி முதல் நாள் ஒரு நல்ல திருப்பம் நேர்ந்தது. குளிரூட்டி உண்டா இல்லையா என்ற பேதமின்றி நாட்டின் எல்லா உணவகங்களிலும் புகைத்தல் தடுக்கப்பட்டது. ஒட்டுக்கடையும் மாமாக் கடையும் அதில் அடங்கின. புகைப்பவர் உணவகத்திலிருந்து பத்தடி, அதாவது 3 மீட்டர், விலகி நிற்கவேண்டும் என்றனர். ஓராண்டு எச்சரிக்கைக் காலம் தந்து, 2020 சனவரியிலிருந்து தண்டம் விதிக்கலாயினர். புகைப்போர் சிலர் தம் உரிமை பறிபோயிற்று என்று உயர்நீதிமன்றப் படி ஏறினர். 2019-ஆம் ஆண்டிலேயே அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று. கடைகள் மூடிவிடும், வாடிக்கையாளர் வீட்டிலேயே தேநீர் குடிப்பர் என்றெல்லாம் அன்று ஓலமிட்டவர்கள் உண்டு. மாமாக் கடைகளில் இன்று இரவு பன்னிரண்டு மணிக்கும் இருக்கை கிடைப்பதில்லை.

ஆனால் அத்தடை சிகரெட்டை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. சிகரெட்டுக்குச் சாம்பல் உண்டு, துண்டு உண்டு, ஒட்டிக்கொள்ளும் நாற்றம் உண்டு. சாம்பற்கிண்ணம் மேசைமீது இருந்தால் கடைக்காரர் அகப்பட்டார். வேப்புக்குச் சாம்பலும் இல்லை, துண்டும் இல்லை. அதிகாரி வாசலில் கால் வைக்கும்போது அது சட்டைப்பையில் அடங்கிவிடும், படலம் கலைந்துவிடும், மிஞ்சுவது ஒரு பழவாசனை மட்டுமே. பழவாசனைக்கு எந்த அதிகாரி தண்டச்சீட்டு எழுதுவார்?

இதற்கிடையே நடந்த ஒன்றை வரலாறு மன்னிக்குமா என்பது ஐயமே. நிக்கோட்டின் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. அதனால் நிக்கோட்டின் கலந்த நீர்மத்தைக் கண்ட கடையில் விற்பது குற்றமாகவே இருந்தது. விற்றார்கள் என்பது வேறு கதை. 2023 மார்ச் 31-ஆம் நாள் அந்த நீர்ம நிக்கோட்டின் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. நச்சுப்பொருள் வாரியம் இதற்கு இசையவில்லை என்று செய்திகள் வெளிவந்தும் விலக்கப்பட்டது. மறுநாள், ஏப்ரல் முதல் தேதி, அந்நீர்மத்தின்மீது மில்லிலிட்டருக்கு 40 சென் கலால்வரி நடைமுறைக்கு வந்தது. நஞ்சு என்னும் பெயரை நீக்கினாலன்றி வரி வாங்குவது அழகாயிராது அல்லவா? புதிய சட்டமோ அப்போது பிறக்கவே இல்லை. அது 2023 நவம்பர் 30-இல் மக்களவையிலும் டிசம்பரில் மேலவையிலும் நிறைவேறி, 2024 பிப்ரவரியில் அரசிதழில் வெளியாகி, 2024 அக்டோபர் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டு மாதங்கள். பதினெட்டு மாதங்கள் இந்நாட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நிக்கோட்டின் நீர்மத்தை விற்பதைத் தடுக்க நேரடியான சட்டம் ஒன்றும் இல்லாதிருந்தது. வரி மட்டும் இருந்தது.

அவ்வரியில் பாதியைச் சுகாதார அமைச்சுக்கு வழங்குவோம் என்று அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடைதான் நினைவுக்கு வந்தது. வெள்ளையன் காலத்தில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. அக்கடைகளின் ஆதாயத்திலிருந்து தொழிலாளர் நலனுக்கென்று நிதி ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. குடலை எரித்துவிட்டு மருந்துக்குக் காசு கொடுக்கும் அந்த அறத்தை நம் பாட்டன்மார் ஏற்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை நம் பாடநூல்கள் சுருக்கமாகவே சொல்லிச் செல்கின்றன. ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தாரும் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவு ஒழியவேண்டும் என்றார்கள். அவற்றோடு ஒன்றாகக் கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். நாதன் சிறைப்பட்டார், நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, உயிர்கள் பலியாயின. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராக எழுந்ததும் இதே மரபில்தான். கூலி உயர்வையும் போதை ஒழிப்பையும் அவர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டியது. போதையை அவர்கள் ஒழுக்கக் கேடாக மட்டும் கருதவில்லை. தங்களை அடக்கி வைக்கும் கருவியாகக் கண்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் இருந்துகொண்டு, "இது ஆவிதானே" என்று ஊதுகிறார்கள்.

இப்போது நடைமுறையில் உள்ள, 852 எனும் எண் கொண்ட 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தை யான் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் பெயரிலேயே ஒரு தெளிவு இருக்கிறது. பழைய விதிமுறைகள் புகையிலைப் பொருளைப் பற்றியவை. புதிய சட்டம் புகைக்கும் பொருளைப் பற்றியது. இலையைப் பார்ப்பதை விட்டுச் செயலைப் பார்க்கிறது. நம் முன்னோர் பெயரிட்ட முறையும் இதுவே என்பதில் தமிழாசிரியர் மகிழலாம். இச்சட்டத்தின்படி மின்சிகரெட்டை இழுத்து ஊதுவதும் புகைத்தலே. புகைத்தல் தடுக்கப்பட்ட இடத்தில் வேப்பும் தடுக்கப்பட்டதே. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பது குற்றம். தானியங்கி எந்திரத்தில் வைத்து விற்பதும் குற்றம். ஆதலின் "சிகரெட்டுக்குத்தானே தடை, வேப்புக்கு இல்லையே" என்று இனி ஒருவர் சொல்வாராயின், அவர் அறியாதவர். அறிந்தும் சொன்னால் ஏமாற்றுபவர்.

குறை எங்கே என்றால், இச்சட்டமும் பட்டியலை விடவில்லை. புகைத்தல் கூடாத இடம் எது என்பதை அமைச்சர் அறிவிப்பார்; அறிவித்த இடத்திலேயே தடை. ஆகவே தடை இல்லாத இடம் என்பதே பொது நியதியாகவும், தடை உள்ள இடம் அதற்கு விலக்காகவும் நிற்கின்றன. இலக்கணம் பயின்றவர்க்கு இது எளிதில் விளங்கும். விதியும் புறனடையும் இடம் மாறிக் கிடக்கின்றன. கூரையின்கீழ் ஒருவர் ஊதியத்திற்கு உழைக்கும் இடமெல்லாம், பொதுமக்கள் காத்திருக்கும் இடமெல்லாம் தடுக்கப்பட்டவை என்று ஒரே வாக்கியத்தில் விதி செய்துவிட்டு, விலக்கு வேண்டுபவர் வந்து காரணம் கூறட்டும் என்று வைப்பதே முறை. அயர்லாந்து 2004 மார்ச் 29-இல் பணியிடப் புகைத்தலைத் தடுத்தபோது அதனைத் தொழிலாளர் பாதுகாப்பாகவே கருதிற்று. மதுக்கடையில் கிண்ணம் கழுவுபவனும் தொழிலாளிதான். அவன் சம்பளத்துக்காக வந்தானேயன்றிப் பிறர் புகையை உண்ண வரவில்லை என்பதே அங்கு எழுந்த வாதம். உலகப் புகழ்பெற்ற மதுக்கடைகளை உடைய ஒரு நாட்டுக்கு இது இயன்றது.

2022 சூலையில் நாடாளுமன்றத்துக்கு வந்த முதல் மசோதாவில் தலைமுறைத் தடை ஒன்று இருந்தது. 2007 சனவரி முதல் தேதி முதல் பிறந்தவர்களுக்குப் புகைக்கும் பொருளை என்றுமே விற்கக்கூடாது என்பது அதன் சாரம். 2023 நவம்பரில் அப்பகுதி கழற்றி எறியப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது விதி கூறும் சமத்துவத்திற்கு அது மாறானது என்று சட்டத்துறைத் தலைவர் கருதியதாகக் காரணம் கூறினர். சமத்துவம்! 2006-இல் பிறந்தவனும் 2007-இல் பிறந்தவனும் சமமாக நிக்கோட்டின் வாங்கும் உரிமைக்காக அரசமைப்பைத் திறந்தவர்கள், உணவகத்தில் உண்பவனுக்கும் பரிமாறுபவனுக்கும் மூச்சில் சமத்துவம் உண்டா என்று அதே பக்கத்தில் தேடிப் பார்த்திருக்கலாம்.

இனி மறுப்போர் கூற்றுகளுக்கு வருகிறேன். அவற்றுள் வலிமையானது ஒன்றே: வேப் சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது, சிகரெட்டை விட நினைப்பவருக்கு அது ஏணி, ஏணியைத் தட்டிவிடாதீர்கள் என்பது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் வேப் ஏறத்தாழ 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்று சொல்லப்பட்டதை அவர்கள் மேற்கோள் காட்டுவர். அம்மதிப்பீட்டைப் பற்றி அறிஞரிடையே சச்சரவு உண்டு; அது கிடக்கட்டும். அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அந்த ஒப்பீடு எதனோடு எது? புகைப்பவரின் சிகரெட்டோடு அதே புகைப்பவரின் வேப். பக்கத்து மேசையில் இருக்கும் பிள்ளை என்றுமே சிகரெட் பிடித்ததில்லை. அப்பிள்ளைக்கு ஒப்பீடு தூய காற்றோடு. தூய காற்றைவிட 95 விழுக்காடு தீங்கு குறைந்த வேப் ஒன்றை எவரேனும் கண்டுபிடித்தால் நாம் மீண்டும் பேசலாம். ஏணி வேண்டுபவர் ஏணியை வாசலுக்கு வெளியே, 3 மீட்டர் தள்ளிச் சாத்திக்கொள்ளட்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2014-இலேயே உள்ளரங்குகளில் இக்கருவியின் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டது. பிறருக்குத் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் கடன் ஊதுபவருடையது, மூச்சுவிடுபவருடையதன்று.

அடுத்தது தனிமனித உரிமை. இதற்கு 1999-இல் கேரள உயர்நீதிமன்றம் தக்க விடை தந்தது. பொது இடத்தில் புகைத்தல், பிறர் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று அந்நீதிமன்றம் கண்டது. 2001-இல் இந்திய உச்ச நீதிமன்றமும் முரளி தேவ்ரா வழக்கில் அதே வழியில் பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்க ஆணையிட்டது. 2008 அக்டோபர் 2-ஆம் நாள் முதல் அங்கு நாடு தழுவிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2019-இல் மின்சிகரெட் விற்பனையே தடுக்கப்பட்டது. தாயகத்தை எல்லாவற்றிலும் பின்பற்றவேண்டும் என்று யான் சொல்பவன் அல்லன். திரைப்படத்தைப் பின்பற்றும் நம்மவர் தீர்ப்பையும் ஒருமுறை பின்பற்றலாம் என்றுதான் சொல்கிறேன்.

"பழக்கம் அடிமைப்படுத்திவிட்டது; அரைமணி நேரங்கூட அடக்க முடியவில்லை" என்று பரிதாபம் காட்டுவோரும் உளர். ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களைப் பாருங்கள். அங்கே 2018 முதல் வேப்பை வைத்திருப்பதே குற்றம். 2025-இல் தண்டனை மேலும் கடுமையாக்கப்பட்டது. நம் இளைஞர் அதனை வீட்டில் வைத்துவிட்டுப் பாலத்தைக் கடக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறார்கள். எவரும் மயங்கி விழவில்லை. திரும்பி வந்து, நம் உணவகத்தில் அமர்ந்ததும் அரைமணி நேரம் முடியாமற் போய்விடுகிறது. இது நிக்கோட்டினின் வலிமையா, நம் சட்டத்தின் மெலிவா?

விற்பனையே நிற்கப்போகிறது, பிறகு உள்ளரங்குத் தடை எதற்கு என்பவர் புதிதாக முளைத்தவர். கிளந்தானும் ஜொகூரும் பத்தாண்டுகளுக்கு முன்பே வேப் விற்பனைக்கு உரிமம் மறுத்தன. 2025-இல் திரங்கானு முதலிய மாநிலங்களும் அவ்வழி சென்றன. முழுத் தடை வருமா வராதா என்பதன்று, எப்போது என்பதே கேள்வி என்று சுகாதார அமைச்சரும் 2025-இல் கூறினார். வரட்டும், வரவேற்போம். ஆனால் மழை வரும் என்று வானொலி சொன்னதற்காக எரிகிற வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பாருண்டோ?

இவ்வளவும் ஏட்டுச் செய்தி. நடைமுறையைச் சொல்கிறேன். துன் சம்பந்தன் சாலைப் பக்கம், பெயர் சொல்ல வேண்டாத ஓர் உணவகத்தில், நண்பகல் வாழையிலைச் சோற்று வேளையில், அடுத்த மேசை இளைஞர் நால்வரும் மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தனர். அவர்கள் தலைக்கு நேர்மேலே புகைத்தடைப் பலகை. பரிமாறிய தம்பி இராமநாதபுரத்துக்காரர். "நீங்கள் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், அவங்க தினம் வர்றவங்க. நான் பெர்மிட்டுல வந்தவன். முதலாளியே சொல்லல, நான் எப்படி சார் சொல்றது?" என்றார். அவர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் அக்கூரையின்கீழ் நிற்கிறார். உண்பவர் அரைமணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். புகைத்தடைச் சட்டம் வாடிக்கையாளரைக் காப்பது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது அந்தத் தம்பிக்காக இயற்றப்பட்டது. அதை வாய்விட்டுக் கேட்க இயலாதவரும் அவரே. கேட்க இயன்ற நாமோ, "எதற்கு வம்பு" என்று மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறோம்.

பிரிக்ஃபீல்ட்ஸைப் பற்றி மேலும் ஒன்று. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்குதான் இருக்கிறது. கையில் வெண்கோலுடன் மஞ்சள் தடப்பட்டையின்மீது நடந்து செல்வோரை அங்கு நாள்தோறும் காணலாம். படலத்தைப் பார்த்து ஒதுங்கிப்போக நம்மால் முடியும், அவர்களால் முடியாது. ஐந்தடி வழியை அடைத்து நின்று ஊதுபவர் இதை எண்ணிப் பார்த்ததுண்டா? ஐந்தடி வழி உள்ளரங்கா வெளியரங்கா என்று சட்டம் வாதிடட்டும். அதன்மேல் கூரை இருக்கிறது. அதன்வழியே மனிதர் நடக்கிறார்.

ஆசிரியப் பெருமக்களே, இது நம் வகுப்பறைக்கு வெளியே உள்ள சிக்கல் என்று எண்ணிவிட வேண்டா. 2017-இல் 13 முதல் 17 வயது வரையிலான மாணவருள் மின்சிகரெட் பிடித்தவர் 9.8 விழுக்காட்டினர். 2022-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் அது 14.9 ஆயிற்று. ஏழு பேருக்கு ஒருவர். அதே காலத்தில் சிகரெட் பிடிக்கும் மாணவர் தொகை குறைந்தது என்று சிலர் ஆறுதல் கூறுவர். ஒரு வாசலை அடைத்ததும் மறு வாசல் வழியாக நுழைந்தவனைக் கண்டு மகிழ்வதற்கு ஒப்பானது அது. இன்று பேனா வடிவிலும் வண்ண மைக்கோல் வடிவிலும் இக்கருவி வருகிறது. பென்சில் பெட்டிக்குள் இருக்கும்போது ஆசிரியர் கண்ணுக்கும் அது எழுதுபொருளே. பிள்ளை இதனை எங்கே கற்கிறது? கழிவறையில் என்போம். கழிவறையில் ஒளிந்து செய்வதற்கு முன்பே, ஒளியாமல் செய்பவரை அது பார்த்திருக்கிறது. திருமண மண்டபத்தில் மாமா ஊதுகிறார். மின்தூக்கிக்குள் அண்ணன் ஊதுகிறான். மாலை வகுப்பு நடக்கும் கடைவீட்டு மாடிப்படியில், பிள்ளையை அழைத்துப்போக வந்த தந்தையே ஊதிக்கொண்டு நிற்கிறார். படியேறும் பிள்ளைகள் அந்தத் திராட்சை மணத்தின் ஊடாகத் திருக்குறள் ஒப்புவிக்கப் போகிறார்கள்.

உள்ளரங்குத் தடையின் பயன் இங்கேதான் ஆழமாகிறது. அது காற்றைத் தூய்மை செய்வதோடு நிற்பதில்லை. இது இயல்பான செயல் அன்று என்று பிள்ளையின் கண்ணுக்குக் காட்டுகிறது. பேருந்தில் சிகரெட் பிடித்த காலம் ஒன்று இருந்ததை இன்றைய மாணவன் நம்ப மறுக்கிறான். அவன் நம்ப மறுப்பதே அந்தச் சட்டத்தின் வெற்றி.

ஆதலின் நாம் செய்யவேண்டியவை சில உண்டு. அரசாங்கத்தைக் கேட்கவேண்டியதும் உண்டு. கேட்கவேண்டியது ஒன்றே: பட்டியலை விட்டு விதிக்கு வருக. குளிரூட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொழிற்கூடமாயினும் முடிதிருத்தகமாயினும் அச்சகமாயினும், பிறர் உழைக்கும் உள்ளரங்கு எதுவும் தடையினின்று தப்பலாகாது. முறையிட்ட தொழிலாளியின் பெயர் வெளிவராமல் இருக்கவும், அவருடைய பெர்மிட்டுக்கு ஊறு நேராமல் இருக்கவும் வழி செய்யப்படவேண்டும். தண்டம் ஊதியவருக்கு மட்டும் அன்றி, கண்டும் காணாதிருந்த முதலாளிக்கும் விழவேண்டும். அப்போதுதான் பரிமாறும் தம்பிக்குப் பதிலாக முதலாளி எழுந்து வந்து பேசுவார்.

நாம் செய்யவேண்டியதற்கு அரசாங்க அனுமதி தேவையில்லை. இலக்கியக் கூட்டங்களும் நூல் வெளியீடுகளும் பரிசளிப்பு விழாக்களும் நடக்கும் மண்டபங்கள் நம் பொறுப்பில் உள்ளவை. மேடையில் போதை ஒழிப்புக் கவிதை அரங்கேறும்போது பின்வரிசையில் வெண்படலம் எழுவதை யான் கண்டிருக்கிறேன். கவிஞரும் கண்டார், தொடர்ந்து படித்தார். இனிக் கூட்டத் தலைவர் அத்தகையவரை எழுப்பி வெளியே அனுப்பவேண்டும். அவர் நன்கொடையாளராயினும் அனுப்பவேண்டும். அழைப்பிதழின் அடியில் ஒரு வரி அச்சிடுவதற்குக் கூடுதல் செலவில்லை. மண்டப வாயிலில் தமிழில் ஒரு பலகை வைப்பதற்குச் சில வெள்ளிகள் ஆகலாம். தேசிய மொழிப் பலகை அங்கு ஏற்கெனவே இருக்கும். அதற்குக் கீழே இதனையும் மாட்டலாம். அதில் என்ன எழுதுவது என்று நம் சொல்லாக்கக் குழுவினர் ஆறு மாதம் விவாதிக்கவேண்டிய தேவை இல்லை. "இங்குப் புகைத்தல் கூடாது, வேப்பும் புகைத்தலே" என்று எழுதினால் போதும். அடுத்த செயற்குழுவில் இதனை முதற்பொருளாக வைக்கவேண்டுகிறேன். முன்மொழிய யான் ஆயத்தம், வழிமொழிய ஒருவர் வேண்டும்.